உதவியின் எல்லை எது?

ஒருவர் வழி தெரியாது நிற்கையில், அறிந்த ஒருவர் கைகொடுப்பது உயர்ந்த பண்பு என்பதில் இருவேறு கருத்துகள் இல்லை. ஆயினும் உதவி என்ற பெயரிற் செய்யப்படும் யாவும் உதவியாகிவிடுமா என்பது சிந்திக்கற்பாலது. பழைய யப்பானிய வாள்களைப் பொழுதுபோக்காகச் சேகரிப்போர் மத்தியில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. விடயம் தூரத்திலுள்ளதாயினும் அதில் அடங்கியுள்ள நியாயம் எல்லோருக்கும் பொதுவானது.

யப்பானில் 1876 ஆம் ஆண்டு அரச கட்டளையொன்றினால் சாமுராய் வகுப்பினர் பொது இடங்களில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டது. 1945 இல் இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அந்நாடு தோல்வியுற்றதும், நேச நாட்டுப் படையினர் ஏராளமான வாள்களைப் பறிமுதல் செய்தனர். பல அழிக்கப்பட்டன, பல படைவீரரின் பெட்டிகளில் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றன. அவ்வாறு சென்ற வாளொன்று துருவேறி மழுங்கிய நிலையில் புதியவர் ஒருவரின் கைக்கு வந்தால், அவர் முதலிற் கேட்பது "இதை எப்படித் தீட்டுவது?" என்பதே. அனுபவமுள்ள சேகரிப்பாளர் என்ன விடை கூறுவது?

வீட்டுக் கத்தி மழுங்கினாற் கல்லில் தீட்டுகிறோம். தேய்ந்துபோனால் வேறு வாங்குகிறோம். பழைய வாள் அவ்வாறானதன்று. அதனைச் செய்யும்போது வாய்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் முதுகுப்பக்கத்தில் தடிப்பாகவும் களிமண் பூசி, செந்தணலிற் காய்ச்சி, நீரில் தோய்ப்பர். விரைவிற் குளிரும் வாய் கடினமாகும். மெதுவாகக் குளிரும் முதுகு உடையாது தாங்கும். பல வாள்களின் உள்ளே மென்மையான உருக்குப் பொதிந்திருக்கும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் மேற்பரப்பு சிறிது கழிகின்றது. அளவு மீறினால் உள்ளுருக்கு வெளியே தெரியும். மின்சாரச் சாணையிற் பிடித்தாலோ, எழும் சூட்டினால் வாயின் கடினமே கெட்டுவிடும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் கறுத்த துரு, வாளின் வயதைக் கூறும் சான்று. செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பின் அதுவும் அங்கேதான் இருக்கும். அதைத் துப்புரவு செய்பவர் சாட்சியை அழிப்பவராகிறார்.

ஆகவேதான் யப்பானில் வாள் தீட்டுதல் தனிக்கலையாக வளர்ந்தது. ஹொன்அமி குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலிலும் வாள் மதிப்பீட்டிலும் புகழ் பெற்றவர்கள். இக்கலையிற் தேற, ஒருவர் குருவிடம் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் பயில்வது வழக்கம். பருங்கல்லில் தொடங்கி, பெருவிரலின் கீழ் வைத்துத் தேய்க்கும் மெல்லிய கற்சில்லு வரை பல கற்களைப் பயன்படுத்துவர்.

இங்கு எதிர்வாதமும் உண்டு. "வாள் என்னுடையது; காசு கொடுத்து வாங்கினேன். வல்லுநருக்குக் கொடுக்கும் கூலி வாளின் விலையிலும் கூடுதலாகிறது. அப்படியே விட்டால் துரு தின்றுவிடும். நண்பர் ஒருவர் உதவினால் என்ன குற்றம்?" என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. செந்துரு இரும்பை அரிப்பது உண்மையே. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதும் அறமாகாது.

எனினும் இருவகைச் செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். பிழைத்தால் மீளத் திருத்தக்கூடியவை ஒருவகை. திருத்தவே முடியாதவை மறுவகை. பழைய எண்ணெயைத் துடைத்து, கராம்பு வாசனை சேர்ந்த மெல்லிய எண்ணெயைப் பூசி, ஈரம்படாது வைத்தால் துருவின் வேகம் தணியும். நாளை வல்லுநர் ஒருவர் வந்தால் அதைத் துடைத்துவிடலாம். கல்லிற் தேய்த்துப் போன உருக்கையோ எவராலும் திரும்ப ஒட்ட முடியாது. முன்னதை நண்பர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாகக் கற்பிக்கலாம். இக்காலத்திற் தொழிற்சாலைகளிற் செய்யப்படும் புதிய வாள்களில் தீட்டும் பயிற்சியையும் பெறலாம். பின்னதில் "இது எனக்குத் தெரியாது, தொடாதீர்கள்" என்று சொல்வதே உதவி. கேட்டவர் மனம் வாடலாம். சொன்னவரின் திறமை குறைவாகவும் தோன்றலாம். தன் கைவன்மையைக் காட்டும் ஆசையை அடக்கி அவ்வாறு சொல்வது இலேசன்று. அறிவுரை சொல்பவருக்கு இழப்பில்லை, கேட்பவருக்கே இழப்பு என்பதை நினைவிற் கொண்டால் அந்த அடக்கம் கைகூடும்.

உரிமை பற்றிய வினாவுக்கு நடந்ததொரு செய்தி விளக்கம் தருகிறது. யப்பானின் ககோஷிமா நகரிலுள்ள தெருகுனி ஆலயத்துக்குரிய, குனிமுனே என்னும் ஆசான் செய்த வாள், யுத்தத்தின் பின் காணாமற் போயிற்று. அது தேசியச் செல்வமாக மதிக்கப்பட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளரான வோல்டர் கொம்டன் என்பவரின் கைக்கு அது வந்தது. அது எவ்விடத்துப் பொருள் என அறிந்த அவர், எவ்வித ஈடும் பெறாது 1963 ஆம் ஆண்டில் ஆலயத்திடமே ஒப்படைத்தார். சட்டப்படி தமது என்று சொல்லிக்கொண்டு வீட்டில் வைத்திருக்க அவரால் முடிந்திருக்கும்.

பல நூறு ஆண்டுகள் வாழும் பொருளை எவரும் முழுமையாகச் சொந்தமாக்குவதில்லை. சிறிது காலம் காத்து, அடுத்தவர் கையிற் கொடுக்கின்றோம். அந்த அடுத்தவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். ஒருவருக்கு உதவ முற்படும்போது, எதிரில் நிற்கும் நண்பரோடு அந்தப் பிறவாதவரையும் எண்ணிப் பார்ப்பவரே உண்மையில் உதவி செய்பவராவார்.