முன்னால் சொல்லும் சொல்

அச்சன்புதூரில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால், ஜாதகம் கைமாறுவதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிடும். பையனுடைய தெருவிலுள்ள டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, சாரலைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "பையன் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் தம்ளரைக் கீழே வைத்து, தெருவை இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எதுக்கும் நாலு பேருகிட்ட கேட்டுக்கோங்க" என்பார். சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். பின்னர் யாரேனும் அவரைக் கேட்டால், உள்ளதைத்தானே சொன்னேன் என்று சமாதானமும் சொல்வார். உள்ளதைச் சொல்வது எப்போது அறமாகிறது, எப்போது புறங்கூறலாகிறது என்னும் இப்பழைய கேள்வியை, எச்.ஐ.வி. தொற்றைக் காட்டும் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் வைத்தியரைப் போல இக்காலத்தில் நேருக்குநேர் சந்திக்க நேர்ந்தவர் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாகாலாந்து அரசின் சுகாதாரப் பணியிலிருந்த டாக்டர் ஒருவர், 1995-ஆம் ஆண்டில் ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்து, அறுவைச் சிகிச்சைக்காகத் தாமும் இரத்தம் கொடுக்க முன்வந்தார். கொடுத்த இரத்தத்தில் தொற்று இருப்பது தெரிந்தது; தெரிந்தது வெளியே போயிற்று; டிசம்பர் 12-ஆம் தேதி நடக்கவிருந்த விவாகம் நின்றது; சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் அவர் சென்னைக்கே குடிபெயர்ந்தார். ரகசியத்தைக் காக்க மருத்துவமனை தவறிவிட்டது என்று அவர் தொடுத்த வழக்கில், 1998 செப்டம்பர் 21-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அந்தரங்க உரிமை எல்லையற்றதன்று என்றும், மணக்கவிருந்த பெண்ணின் உயிர்வாழும் உரிமையே மேலானது என்றும் கூறியதோடு நில்லாமல், நோய் தீரும்வரை அவருக்கு விவாக உரிமையே நிறுத்திவைக்கப்பட்டதாகும் என்றும் சொல்லிவிட்டது. யாரும் கேளாத கேள்விக்கு அளித்த அந்த விடையை, 2002 டிசம்பர் 10-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, சொல்லியிருக்க வேண்டாதது என்று விலக்கிற்று. அந்தப் பெண் காக்கப்பட்டது நியாயமே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செய்தி அவளிடம் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது, அதற்குமுன் அந்த மனிதரை உட்கார வைத்து எவரேனும் பேசினார்களா என்பவற்றுக்கு அத்தீர்ப்பில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில், காண்டீவத்தை இகழ்ந்த தமையனைத் தன் விரதத்தின் பொருட்டு வெட்டிவிடத் துணிந்த அர்ஜுனனுக்குக் கண்ணன் சொல்லும் கதையொன்று உண்டு. கௌசிகன் மெய்யே பேசுவதென்று விரதம் பூண்ட தபஸ்வி. உயிருக்கு அஞ்சி வனத்தில் ஒளிந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கள்வர்கள் கேட்டபோது, உள்ளபடியே வழிகாட்டினான். ஒளிந்தவர்கள் மாண்டார்கள், அவன் நரகம் புகுந்தான். ரகசியத்தின் பக்கம் நின்று வாதாடுவோருக்கு இக்கதை மிகவும் உவப்பானது. எனினும் இதைத் திருப்பிப் பிடித்துப் படிக்கவும் இடமிருக்கிறது. தன் விரதம் பழுதுபடாமலிருக்கிறதா என்று மட்டுமே பார்த்து, அதன் பாரம் எவர் தலையில் விழுகிறது என்று பாராததால் அல்லவா அவன் கெட்டான்? அப்படியானால், ரகசியம் காப்பேன் என்று செய்த பிரமாணத்தையே பிடித்துக்கொண்டு, ஒன்றுமறியாத மனைவியைப் பாராதிருக்கும் வைத்தியரும் கௌசிகனுக்கு உறவினரே. சரக சம்ஹிதை, வைத்தியம் பயில வரும் மாணாக்கனிடம் வாங்கும் பிரமாணத்தில், நோயாளியின் வீட்டுச் செய்தியை வெளியே சொல்லலாகாது என்கிறது. மனைவி அந்த வீட்டுக்கு வெளியே இருப்பவளா?

வள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் வைத்தார். புறங்கூறாமையை இல்லறவியலில் வைத்தார். குடும்பஸ்தனுக்கு முதலில் வேண்டியது எது என்பதற்கு இந்த வைப்புமுறையே ஒரு குறிப்பாக எனக்குத் தோன்றும். புறங்கூறலின் குற்றம் சொல்லப்படும் செய்தி பொய்யாயிருப்பதில் இல்லை; உரியவன் இல்லாத இடத்தில், அவன் அறியாமல் சொல்லப்படுவதில் இருக்கிறது. இஸ்லாமிய மார்க்க அறிஞர்களும் இந்த நுட்பத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றிப் பின்னால் பேசுவது பாவம் என்று விதித்த பின்னர், அனுமதிக்கப்பட்ட ஆறு சந்தர்ப்பங்களை வகுத்த இமாம் நவவி, விவாகம் பற்றி ஆலோசனை கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வதையும் அவற்றுள் சேர்த்தார்.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவைப் படித்தபோது, அதை எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ இந்த வேறுபாட்டையே சட்டமாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். துணைக்குத் தொற்றும் அபாயம் மெய்யாகவே இருக்கவேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நோயாளிக்கு முதலில் ஆலோசனை சொல்லவேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது தெளிவானபின், நான் சொல்லப்போகிறேன் என்று அவரிடமே அறிவிக்கவேண்டும். அதன் பிறகுதான் டாக்டரோ ஆலோசகரோ துணையை நேரில் கண்டு, உரிய ஆலோசனையோடு சொல்லலாம். கடிதத்தில் இல்லை, உறவினர் மூலமாக இல்லை. டீக்கடைச் சொல்லுக்கும் இச்சொல்லுக்கும் உள்ள தூரம் 'நான் சொல்லப்போகிறேன்' என்னும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதைக் கேட்டபின் தாமே வீட்டில் சொல்லிவிட அந்த மனிதருக்கு இன்னும் ஒரு மாலைப்பொழுது மீதமிருக்கும்.

பெண்களின் நிலை வேறு. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில், கணவனுக்கு முன்பாகவே மனைவியின் தொற்று தெரிந்துவிடுவது உண்டு. கொண்டுவந்தவன் அவனாயிருந்தாலும், முதலில் தெரியவந்தவள் என்ற ஒரே காரணத்தால் பழி அவள்மேல் விழும், சில வீடுகளில் வாசற்படியையும் தாண்டிவிடும். மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டிய தாளைக் கிழித்தெறிந்து, பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் கேட்காதிருக்க உள்ளே பஞ்சு அடைத்துக் கொண்டுபோகும் ஒரு பெண்ணிடம் போய், வாய்மையின் மகிமையை எந்த நூலிலிருந்து எடுத்துச் சொல்வது? அடி, விரட்டல், அவளுக்கோ குழந்தைகளுக்கோ கடுங்கேடு நேரும் என்று அஞ்ச நியாயமிருக்குமானால், பெண்கள் விஷயத்தில், துணைக்குச் சொல்லக்கூடாதென்று அதே பிரிவு தடுக்கிறது. ஒரே தொற்று, ஒரே சட்டம், ஒரு வீட்டில் பேசச் சொல்கிறது, அடுத்த வீட்டில் வாயை மூடச் சொல்கிறது. இதை முரண்பாடு என்பவர்களுக்கு நான் கௌசிகன் கதையையே மறுபடியும் சொல்வேன்.

மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று நிலைநாட்டப்பட்ட விஷயம். 1998-இல் நீதிபதிகள் முன் இந்த அறிவு இல்லை. சட்டம் கேட்கும் 'மெய்யான அபாயம்' மருந்துண்பவரிடத்தில் பெரும்பாலும் இல்லாமற்போகிறது. இனி வைத்தியர் வாய் திறக்கவேண்டிய சந்தர்ப்பங்கள் அருகிவரும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. டீக்கடையில் கேட்பதைவிட, மணமக்கள் இருவரையும் சேர்ந்தே எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனை இலவசம், முடிவை அவரவர் கையில்தான் கொடுப்பார்கள். போக வெட்கமாயிருந்தால், முதலில் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கட்டும். அதற்கும் கட்டணமில்லை.