காயில் மாத்தினா அதே மோட்டார்தானா?

உங்கள் வீட்டு மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்தது. ஜார் இரண்டு முறை மாறியிருக்கும். பிளேடு நாலு முறை. கப்ளருக்குக் கணக்கே இல்லை. ஒருமுறை மோட்டாரே புகைந்துபோய் காயில் கட்டியிருப்பீர்கள். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்? 'எங்க கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி சார், பதினெட்டு வருஷமா ஓடுது!' அதில் பொய் இருப்பதாக உங்களுக்கும் தோன்றாது, அவருக்கும் தோன்றாது.

இதையே ஒரு பழைய பாஸ் கிட்டாரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். சண்டை வந்துவிடும்.

வந்தது. அதுவும் வடக்கனந்தலில்!

கல்வராயன் மலையடிவாரத்துப் பேரூராட்சி அது. கோமுகி அணை பக்கத்திலேயே இருக்கிறது. கரும்பும் நெல்லும் பம்புசெட்டுமாக இருக்கிற ஊர். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார். அந்தக் காலத்தில் ஆடி மாசம் வந்தால் வீட்டில் தங்கமாட்டார். கோயில் கோயிலாக மெல்லிசைக் கச்சேரி. பாஸ் கிட்டார் வாசிப்பார். பாடகருக்குக் கைதட்டல் விழும், டிரம்ஸ்காரருக்கு விசில் பறக்கும். பாஸ்காரரை யாருக்கும் தெரியாது. இளையராஜா பாட்டுகளில் தபேலாவுக்கு அடியில் 'தும்... தும்தும்' என்று ஒன்று தனியாக நடந்துபோகுமே, அதுதான் இவர் வேலை. அது நின்றால் மட்டும், 'ஏதோ குறையுதே' என்று கூட்டம் நெளியும்.

அவர் கிட்டார் ஜப்பான்காரன் செய்தது. எழுபதுகளின் சரக்கு. சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கச்சேரி நின்று பல வருஷமாகிவிட்டதால் பரணில் கிடந்தது. பேத்திக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், விற்றுவிடலாம் என்று இறக்கினார். ஆம்ப்ளிஃபயரில் செருகினால் சத்தமே இல்லை. பிக்கப் செத்துப்போயிருந்தது.

பிக்கப் என்றால் வேறொன்றுமில்லை. கம்பிகளுக்கு நேர் கீழே காந்தம். அதைச் சுற்றி, தலைமுடி தடிமனில் ஒரு செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும். கீழே காயிலில் கரன்ட் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தாரே, அதே சமாசாரம். அவ்வளவு மெல்லிய கம்பி ஒரே இடத்தில் துருப்பிடித்து அறுந்தால் போதும், மொத்தமும் ஊமை.

ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் பலகையைத் திருகிக் கழற்றி, சால்டரிங் விட்டுவிட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, "ஓப்பன் ஆயிருச்சுண்ணே" என்றார். இந்த மெல்லிசுக் கம்பி தன்னிடம் இல்லையென்றும், புது பிக்கப் வாங்கி மாட்டிவிடலாம் என்றும் சொன்னார். "அப்புறம் இது பழைய கிட்டார் ஆகுமாப்பா?" என்று இவர் கேட்க, அவர் சிரித்திருக்கிறார். "காயில் கட்டினதுக்கு அப்புறம் உங்க மோட்டாரை வேற மோட்டாருன்னா சொல்றீங்க?"

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் பழைய வாத்தியங்கள் சேகரிக்கிற ஒருத்தர் போனில் வந்தார். சத்தம் வராவிட்டால் பரவாயில்லையாம். செத்த பிக்கப்போடு அப்படியே வேண்டுமாம். கை படாததாக இருந்தால் மூன்று மடங்கு விலை!

பேசாத கிட்டாருக்கு விலை அதிகம், பேசுகிற கிட்டாருக்கு விலை குறைவு. இது எந்த ஊர் நியாயம்? எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கொஞ்சம் யோசித்தால், அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. லியோ ஃபெண்டர் 1951-ல் பிரசிஷன் பாஸைக் கொண்டுவந்தபோது அது தொழிற்சாலைச் சாமான். இன்றைக்கு ஐம்பது, அறுபதுகளில் வந்த ஒரு ஃபெண்டரை விற்கப்போனால், திருகாணியைக்கூட உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளே ஈயம் பற்றவைத்த இடம் கம்பெனி வைத்ததா, அப்புறம் யாராவது வைத்ததா என்பதற்கே தனி விலை. அவர்களுக்கு அது வாத்தியம் இல்லை, சாட்சி. சாட்சியைக் கலைக்கக்கூடாது.

நம்ம ஊர் வாத்தியங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. நாதஸ்வரத்தில் சத்தம் பிறக்கிற இடம் சீவாளி. அதுதான் சீக்கிரம் போகிற பொருளும்கூட. வித்வான் நாதஸ்வரத்திலேயே நாலைந்து சீவாளியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஒன்று சரியில்லையென்றால் மேடையிலேயே மாற்றுவார். 'ஒரிஜினல் சீவாளியா?' என்று யாராவது கேட்டால் தவில்காரர் அடிக்க வருவார். மிருதங்கத்துக்குத் தோல் மாறும், பலாக்கட்டை நிற்கும். வீணைக்கு மெழுகை எடுத்துவிட்டு மேளம் புதிதாகக் கட்டுவார்கள். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் ஆச்சா மரத்தைப் புதிதாக வெட்டி எடுப்பதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற கட்டையைத் தேடி வாங்குவார்கள். யாரோ ஒருத்தர் வீட்டு உத்தரம்தான் நம் காதில் தோடியாக விழுகிறது. அது பழசா, புதுசா? சொல்லுங்கள் பார்ப்போம்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? ஜோடி ஜோடியாகக் கம்பி போட்ட வெளிநாட்டு வாத்தியத்தை எடுத்து, ஒற்றைக் கம்பிகள் ஐந்தாக்கி, மின்சாரமும் கொடுத்து, கமகத்தைப் பேசவைத்தார். 2014-ல் அவர் மறையும்வரை 'இது மாண்டலினே இல்லை' என்று எந்த ரசிகர் எழுந்துபோனார்?

வெளிநாட்டிலும் எல்லாரும் அருங்காட்சியகக்காரர்கள் இல்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்று ஒரு மகா பாஸ் கலைஞர். தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பாஸில் ஃப்ரெட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, பலகைக்கு எபாக்ஸி பூசி வாசித்தார். பிறகு அது உடைந்து துண்டுகளாகி, ஒட்டுப் போடப்பட்டு, 1986-ல் நியூயார்க்கில் திருட்டும் போனது. இருபது வருஷம் கழித்துத் தலைகாட்டியபோது உலகமே கொண்டாடியது. ஒரிஜினல் என்று பார்த்தால் அதைப்போலக் குதறப்பட்ட கிட்டார் வேறு இல்லை!

நான் பி.காம். படித்தவன். தத்துவப் புத்தகத்தில் இருக்கிற கப்பல் கதை, பலகை பலகையாக மாற்றினால் அதே கப்பலா என்பது, எனக்கு அக்கவுன்டன்ஸி வகுப்பில்தான் வந்து சேர்ந்தது. செலவு செய்தது ரிப்பேரா, புதுச் சொத்தா? 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 31-வது பிரிவு 'நடப்பு ரிப்பேர்' என்று ஒன்றைச் சொன்னது. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் என்கிற நூற்பாலை ஒரு ரிங் ஃபிரேமை மாற்றிவிட்டு, 'மில் என்பதுதான் முழுசு, இது அதில் ஒரு பாகம், ஆகவே ரிப்பேர்' என்றது. 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ரிங் ஃபிரேமே தனி மெஷின். அதை மொத்தமாக மாற்றினால் அது ரிப்பேர் இல்லை, புதுச் சொத்து.

கவனித்தீர்களா? எதை 'முழுசு' என்று எடுத்துக்கொள்கிறோமோ, அதை வைத்துத்தான் தீர்ப்பு. காயில் கடைக்காரருக்கு கிட்டார் முழுசு, பிக்கப் பாகம். பெங்களூர்க்காரருக்கு அந்த ஈயப் புள்ளிகூட முழுசில் சேர்த்தி. ரெண்டு பேரும் தப்பில்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான். அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நான் புதுசு மாட்டலை. அந்தச் செத்த பிக்கப்பையே திரும்ப வெச்சு பத்த வெச்சுட்டா, எல்லாமே அதே பொருள்தானே? ஒரு சொட்டு ஈயம் மட்டும்தான் புதுசு. இதையுமா சொல்லணும்?"

இதற்குக் கப்பல் கதையில் பதில் இல்லை. பொருளில் ஒரு குறையும் இல்லை, பாகமெல்லாம் அதேதான். ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று உறுத்துகிறதே, அது என்ன?

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-வது பிரிவுக்குக் கீழே ஒரு குதிரை வரும். காமர்ஸ் மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த குதிரை. ஏலத்தில் விற்கிறவனுக்கு அது நோஞ்சான் என்று தெரியும், வாய் திறக்கவில்லை. மோசடி இல்லை என்கிறது சட்டம். வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால்? அப்போது சொல்லவேண்டியது அவன் கடமை. மூன்றாவதாக, வாங்குகிறவன், 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்கிறான். இவன் சும்மா இருக்கிறான். அங்கே மௌனமே பேச்சு. அதே குதிரை, அதே மௌனம். எதிரே நிற்கிற ஆள் மாறினால் நியாயமும் மாறுகிறது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான், ஆனால் நம்ம வீட்டுப் பாட்டி பேசுவதுபோல இருக்கிறது.

பெங்களூர்க்காரர் மறுபடி போன் செய்தபோது சொன்ன வாக்கியம் இது: "நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா திறக்கவே இல்லைன்னு எடுத்துக்கறேன் சார்." மூன்றாவது குதிரை! அந்த மூன்று மடங்கு விலை பிக்கப்புக்கு இல்லை, 'திறக்கவே இல்லை' என்கிற அந்த வார்த்தைக்கு. அதை வைத்துக்கொண்டுதான் விற்க வேண்டும், அது இவர் கையில் இல்லை. அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். ஃபீஸ் கட்டவேண்டியது நானில்லை என்பதும் எனக்குத் தெரிந்தேயிருந்தது. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து, "காயில் கடையில திறந்து பார்த்தோம் சார்" என்றார். அந்தப் பக்கம், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

பிறகு புது பிக்கப் வந்தது, கடைக்காரரே மாட்டினார். கள்ளக்குறிச்சியிலிருந்து காலேஜில் படிக்கிற பையன் ஒருத்தன் வாங்க வந்தான். மூன்றில் ஒரு பங்கு விலை. ஃபீஸுக்குப் பாதிகூடத் தேறாது. அண்ணன் ஒரு நோட்டுத்தாளைக் கிழித்து எழுதினார்: 'பாடி, நெக் – ஜப்பான், பழசு. பிக்கப் – புதுசு. பழைய பிக்கப் தனிக் கவரில்.' கீழே கையெழுத்து.

பையன் அதைப் படிக்காமலே மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆம்ப்ளிஃபயரும் சேர்த்துத்தானே சார்?" என்று கேட்டான்.