தண்டியடிகள் காட்டிய தீர்த்தத் தொண்டு

சிவமயம்

நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், சூரியன், சந்திரன், ஆன்மா என்னும் எட்டினையும் தன் திருமேனியாகக் கொண்டவன் சிவபெருமான். அவன் நீர் வடிவாய் விளங்கும் தலம் திருவானைக்கா. ஓர் ஆலயத்துக்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் சிறப்பு என்பர் பெரியோர். மூர்த்திக்குக் கும்பாபிஷேகம் செய்கின்றனர். தலத்துக்குத் திருப்பணி செய்கின்றனர். தீர்த்தத்துக்கோ தீர்த்தத் திருவிழா அன்று ஒருநாள் கேணிக்கரை செல்வதுடன் கடமை முடிந்துவிடுகின்றது. இது முறையாகுமா என்று அடியார்கள் சிந்தித்தல் வேண்டும்.

தீர்த்தத்தைப் பேணியே நாயன்மாராகப் போற்றப்பட்டவர் தண்டியடிகள். திருவாரூரிலே பிறவிக் குருடராய்ப் பிறந்த அவர், திருக்கோயிலின் மேற்கேயுள்ள திருக்குளம் அயலாரின் இருப்பிடங்களால் குறுகிவிட்டதை அறிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டினார்; கூடையில் சுமந்து கரையிலே கொட்டினார். தடுக்க வந்தோர் அவரை இகழ்ந்தனர். மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர். இறைவன் அவருக்குக் கண்ணொளி அருளினான். பின்னர் அரசன் குளக்கரைகளைச் செம்மைப்படுத்தினான் என்று பெரியபுராணம் கூறும். தாம் காணாத நீருக்குத் தொண்டு செய்தவர் அவர் என்பதே இங்கு கருதத்தக்கது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கும் தம்மை வாழவைக்கும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மழையே முதல். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடலோரத்திலே கீரிமலையில் நன்னீர் ஊறுவதும் இவ்வாறு இறங்கிய மழைநீரே. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. ஆகவே மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உவர்நீர் பலமடங்கு ஏறும். துலாவினால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு இடமிருந்தது. இன்று இயந்திரம் அந்த ஓய்வைக் கொடுப்பதில்லை.

அளவு குறைவது ஒருபுறம். தூய்மை கெடுவது மறுபுறம். தோட்டங்களுக்கு அளவு மீறி இடும் யூரியாவும், அருகருகே அமைந்த மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே வெடிப்புகளூடாக இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேருகின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மேற்பட்டால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து உண்டு. நிறம், மணம், சுவை எதிலும் அது தெரியாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. ஒருவர் வளவில் ஊற்றியது அடுத்தவர் கிணற்றுக்கு வரும் என்பதைச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரம் காட்டியது. அவ்வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. நட்டஈடு கிடைக்கலாம், கெட்ட ஊற்றை எளிதில் மீட்க முடியாது.

2024 ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இது பெரும் உதவியே. எனினும் தோட்டத்துக்கும் ஆட்டுமாட்டுக்கும் கிணறே கதி. குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிடுதல், வேலைக்காரர் கிடைத்தாரென்று பெற்ற தாயை மறப்பதை ஒக்கும்.

இதிலே ஆலயங்களும் குற்றமற்றவை அல்ல. மணல் பரந்த வீதிகளுக்கு அழகு கருதிச் சீமெந்துக் கல் பதித்ததால் மழைநீர் நிலத்தில் இறங்காமல் தெருவுக்கு ஓடுகின்றது. கழித்த மாலைகளும் பிளாஸ்ரிக் பைகளும் கேணிக்குள் வீசப்படுகின்றன. குளத்துக்கு வரும் வெள்ளவாய்க்காலை மதில் கட்டி மறித்தவர்களிலே திருவிழா உபயகாரரும் இருக்கக்கூடும். அபிஷேகத்துக்குக் குடம் குடமாக நீர் சொரிந்துவிட்டு, அந்நீர் வரும் வழியை அடைப்பவரின் பூசையை இறைவன் எவ்வாறு ஏற்பான்? நாயனாரின் மண்வெட்டியைப் பறித்தோருக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை?

செய்யத்தக்கவை அரியன அல்ல. மண்டபக் கூரைகளுக்குப் பீலி பூட்டி, முதல் மழையை வெளியே விட்டு, அடுத்து வரும் மழையைக் கேணியிலே சேர்க்கலாம். வீதியின் ஒரு பகுதியையேனும் மணலாக விடலாம். ஆவணி, புரட்டாதியிலே, மழைக்கு முன், இளைஞர்கள் குளத்தையும் வாய்க்காலையும் தூர்வாரலாம். தோட்டக்காரர் விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவிலே பசளையிட்டு, காலை மாலைகளில் இறைக்கலாம். வீட்டுக்காரர் மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு எட்டவும், கழிவு கசியாமலும் அமைத்து, கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்கலாம். மதிலை இடித்து வாய்க்காலுக்கு இரண்டடி வழிவிடுபவர், கோபுரத்துக்குக் கலசம் கொடுத்தவரிலும் குறைந்தவர் அல்லர்.

கண்ணில்லாத நாயனாருக்குக் கயிறு வழிகாட்டியது. கண்ணுள்ள அடியார்களுக்கு அவரது வரலாறே கயிறு. அதனைப் பற்றி நடந்தால், இன்று தாய்மடியில் இருக்கும் குழந்தையும் நாளை இக்கேணியிலே நன்னீராடி எம்பெருமானை வணங்கும்.

திருச்சிற்றம்பலம்