பிறர் துயரும் நம் இரவுப் பொழுதும்

இஷாத் தொழுகையும் இரவுணவும் முடிந்த பின் வீட்டார் ஒன்றாக அமரும் நேரம், முன்பெல்லாம் உரையாடலுக்கு உரிய நேரமாக இருந்தது. இன்று அந்நேரத்தைத் திரை எடுத்துக்கொண்டது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம்மவர் இல்லங்களில் பெரியவரும் சிறியவரும் சேர்ந்து அமர்ந்து ஒரே கேள்வியை எழுப்புகின்றனர்: "கொன்றவன் யார்?" இணைய வழியே வீடு தேடி வரும் மர்மத் தொடர்களும், உண்மைக் குற்றங்களை விவரிக்கும் தொடர்களும் அக்கேள்வியை இரவுதோறும் நம் முன் வைக்கின்றன.

இவ்வார்வம் புதியது அன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய துப்பறியும் நவீனங்களை, விளக்கைச் சுருக்க மனமின்றி நம் பாட்டனார்கள் படித்தார்கள். எனவே, "மர்மக் கதை பார்ப்பது தகுமா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. உண்மையாகவே இறந்துபோன ஒருவரின் மரணம், உண்மையாகவே அழுத ஒரு தாயின் கண்ணீர், நமக்குப் பொழுதுபோக்கு ஆகலாமா? ஆகுமெனில் எந்த எல்லை வரையில்?

ஆராயும் அறிவை இஸ்லாம் பழிக்கவில்லை. வரலாறுகளில் மிக அழகியது என்று இறைவன் சிறப்பித்த யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் இரண்டு தடயங்கள் வருகின்றன, இரண்டும் சட்டைகளே. சகோதரர்கள் கொணர்ந்த சட்டையில் இருந்தது பொய்க் குருதி. முதிய தந்தை அதைக் கண்டு ஏமாறவில்லை. மற்றொரு சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. முன்புறம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் நிரபராதி என்று அவ்வீட்டைச் சேர்ந்த ஒருவரே நெறி வகுத்தார். உண்மை வெளிப்பட்டது. ஆயினும் யூசுப் (அலை) அவர்கள் சிறை சென்றார்கள். பின்னர் மன்னனின் தூதன் விடுதலைச் செய்தியுடன் வந்தபோது, உடனே வெளியேற அவர்கள் விரும்பவில்லை. தம் மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்குமாறு சொல்லி அனுப்பினார்கள். சிறையிலிருந்து விடுபடுவதைவிடப் பழியிலிருந்து விடுபடுவது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. குற்றக் கதை எழுதுவோரும் பார்ப்போரும் மறக்கக்கூடாத இடம் இது.

கற்பனைத் தொடர்களுள் சில இந்த உண்மையை நன்கு உணர்ந்திருக்கின்றன. புஷ்கர்-காயத்ரி இருவரும் உருவாக்கி 2022 ஜூனில் வெளிவந்த 'சுழல்' என்னும் தொடரில், ஒரு சிற்றூரின் தொழிற்சாலை எரிகிறது. ஒரு சிறுமி காணாமற்போகிறாள். நமது மாவட்டத்து மேல்மலையனூரால் பெயர்பெற்ற மயானக் கொள்ளைத் திருவிழா அக்கதையின் பின்னணி. நெருப்புக்குக் காரணமென்று ஊர் முதலில் சுட்டுவது தொழிற்சங்கத் தலைவரை. அவரோடு சேர்ந்து நாமும் ஐயத்தின் வேகத்தை அனுபவிக்கிறோம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கொல்லப்பட்ட இளம்பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஊரார் பேசும் பேச்சே அதன் கருப்பொருள். இவை கற்பனை, இவற்றால் புண்படும் தாய் எவரும் இல்லை. பார்த்து முடித்தபின் பிறர்மீது பழி சொல்ல நம் நாக்கு சற்றேனும் தயங்குமாயின், அக்கதையால் நன்மையே விளைந்தது எனலாம்.

உண்மைக் கதைகளின் நிலை வேறு. சென்னையை நடுங்கச் செய்த ஆட்டோ சங்கரின் வாழ்வு 2019இல் தொடராயிற்று. வீரப்பன் வரலாறு 2023இல் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். பொதுப் பதிவேடுகளில் உள்ளதை எழுத இதழுக்கு உரிமை உண்டு. அதற்கு அப்பால் ஒருவருடைய குடும்பம், மணவாழ்வு, தாய்மை முதலியவற்றை அவர் இசைவின்றி வெளியிடுதல் ஆகாது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் இருப்பினும் வெளிப்படுத்தலாகாது என்பது அதன் சாரம். 'தனித்து விடப்படும் உரிமை' ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அன்று நீதிமன்றம் மொழிந்தது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை நெஞ்சில் ஏந்திய சமுதாயத்துக்கு இத்தீர்ப்பு அந்நியமாகத் தோன்றாது.

"அப்படியானால் கொடுமைகளையெல்லாம் மூடி மறைப்பதுதான் மார்க்கமா?" என்று எவரேனும் வினவலாம். வினா நியாயமானதே. விடையும் திருமறையிலேயே உண்டு. தீய சொல்லைப் பகிரங்கப்படுத்துவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் 'அந்நிஸா' அத்தியாயத்தின் 148ஆம் வசனம், அநீதிக்கு உள்ளானவரை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கிறது. பாதிக்கப்பட்டவர் கூக்குரலிடலாம்; அவருக்காகப் பிறரும் குரல் கொடுக்கலாம். இதுவே நமக்கு உரைகல். இக்கதையில் கேட்பது பாதிக்கப்பட்டவரின் குரலா, அல்லது அவரை வேடிக்கை பார்ப்பவரின் குரலா?

இந்த உரைகல்லை நம் மண்ணிலேயே உரசிப் பார்க்கலாம். 1993இல் விழுப்புரத்தை அடுத்த அத்தியூரைச் சேர்ந்த இருளர் குலப் பெண்ணொருவர், புதுச்சேரிக் காவலர்கள் தமக்கு இழைத்த கொடுமையைக் கூறி நீதி கேட்டார். அவருக்குத் துணைநின்றவர் திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி. அப்போராட்டத்தின் வழியே பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. எங்கேனும் ஒரு வீட்டில் நகை காணாமற்போனால் இருளர் குடிசையைத் தேடிச் செல்லும் வழக்கத்தை எதிர்த்து அச்சங்கம் ஓயாது போராடி வந்தது. 2011 நவம்பரிலும், திருட்டு விசாரணையின்போது காவலர்கள் தம்மைக் கொடுமைக்கு உள்ளாக்கியதாகத் திருக்கோவிலூர்ப் பக்கத்து இருளர் பெண்கள் நால்வர் புகார் அளித்தனர்.

அதே 1993ஆம் ஆண்டில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் முதனை கிராமத்தில் ராசாக்கண்ணு என்னும் குறவர் குலத்தவர் திருட்டுப் பழி சுமத்தப்பட்டுக் காவலில் மாண்டார். அவருடைய மனைவி வழக்கறிஞர் சந்துருவின் துணையுடன் உயர்நீதிமன்றக் கதவைத் தட்டினார். அவ்வழக்கைத் தழுவி 2021 நவம்பரில் வெளியான 'ஜெய் பீம்' திரைப்படத்தைக் கண்டு கலங்காதவர் அரிது. அது பாதிக்கப்பட்டவரின் குரல். நம் உரைகல்லில் தேறுகிறது. அதிலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குறவர் குலத்தவர் திரையில் இருளராக மாற்றப்பட்டார். ஒரு குடியின் துயரைச் சொல்ல மற்றொரு குடியின் பெயர் எடுத்தாளப்பட்டது. நோக்கம் நன்றாயினும், உண்மையைக் கையாள்பவருக்குக் கைநடுக்கம் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தொடரில் ஐயத்துக்குரியவனைக் காவல் அதிகாரி அறைந்து உண்மையைக் கக்க வைக்கும்போது நாம் மகிழ்கிறோமா இல்லையா? அடிபட்டவன் சொல்வது உண்மையாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். போலீசாரிடம் அளித்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் அக்காப்பை நீக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் பொடாச் சட்டம் அக்காப்பைத் தளர்த்தியது. விளைவு என்ன? அக்ஷர்தாம் ஆலயத் தாக்குதல் வழக்கில் முஸ்லிம்கள் அறுவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் மூவருக்குத் தூக்குத் தண்டனை. 2014 மே 16 அன்று உச்சநீதிமன்றம் அறுவரும் குற்றமற்றவர் என விடுவித்தது. இடையில் கழிந்த ஆண்டுகளை அவர்களுக்கு யார் திருப்பித் தருவார்?

திரையில் தாடியும் தொப்பியும் தோன்றியவுடன் "இவன்தான்" என்று முடிவுகட்டும் பார்வையாளரைக் குறித்து நாம் மனம் வருந்துகிறோம். வருந்துவது நியாயம். ஆனால் அதே வேகத்தில் ஓர் இருளரையோ, ஒரு குறவரையோ, நம் வீட்டு வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணையோ நாம் ஐயுறுவோமாயின், நம் வருத்தத்துக்கு என்ன மதிப்பு? ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும், துருவி ஆராயாதிருக்கவும், புறம்பேசாதிருக்கவும் 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஒரே மூச்சில் கட்டளையிடுகிறது. ஐயம் துருவுதலுக்கும், துருவுதல் புறம்பேசுதலுக்கும் வழிவிடுகின்றன. அதனாலன்றோ மூன்றும் ஒரே வசனத்தில் சேர்ந்து நிற்கின்றன!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர் பழி சுமத்தியபோது, மதீனாவின் வீடுகளிலும் அப்பேச்சு நுழைந்தது. அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களிடம் அவர்தம் மனைவியார் அதைக் குறிப்பிட்டார். "நீ அப்படிச் செய்வாயா?" என்று கேட்டார்கள் அவர்கள். "மாட்டேன்" என்றார் மனைவியார். "உன்னைவிட ஆயிஷா சிறந்தவர் அல்லவா?" என்றார்கள். பேச்சு அவ்வளவில் நின்றது. தடயம் எதையும் அவர்கள் தேடவில்லை, சாட்சியையும் விசாரிக்கவில்லை. தம்மை அப்பெண்ணின் இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், அவ்வளவே. அவதூறு கேட்டபோது நம்பிக்கையாளர்கள் நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று 'அந்நூர்' அத்தியாயம் கேட்கும் கேள்விக்கு அவ்வில்லம் முன்னரே விடை தந்திருந்தது.

ஆகவே, தொலைக்காட்சியை உடைத்தெறியுமாறு நான் சொல்லவில்லை. நல்ல மர்மக் கதையைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். எப்படி ஐயம் பிறந்தது, எங்கே அது தவறியது என்று அவர்களைக் கேளுங்கள். உண்மைக் குற்றக் கதையாயின், பார்க்கத் தொடங்குமுன் இறந்தவரின் தாய் நம் கூடத்தில் நம்மோடு அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் முன்னிலையில் பார்க்கக் கூசாத காட்சியானால் பாருங்கள். கூசுமானால் நிறுத்திவிடுங்கள். மாண்டவருக்கு நம்மால் நீதி வழங்க இயலாமற்போகலாம்; அவருக்காக ஒரு துஆ கேட்கவேனும் இயலும். அல்லாஹ் நம் கண்களையும் நாவையும் பிறர் மானத்தின் காவலாக ஆக்கியருள்வானாக, ஆமீன்.