கயிற்றின் மறுமுனை

கிணற்றுக்குள் ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்று யாரேனும் வந்து சொன்னால், அறவோன் உடனே உள்ளே குதித்துவிடுவானா? கன்பூசியசிடம் அவர்தம் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. சற்றே குறும்பான கேள்விதான். குதிப்பான் என்றால் அறவோன் அறிவிலி ஆகிறான். குதிக்கமாட்டான் என்றால் அருளற்றவன் ஆகிறான். ஆசிரியர் அந்தக் கண்ணியில் சிக்கவில்லை. அறவோனைக் கிணற்றங்கரை வரை ஓடிவரச் செய்யலாம், உள்ளே விழச் செய்ய இயலாது என்னும் கருத்துப்பட விடையளித்தார். கல்லூரி நாளில் இதனைப் படித்தபோது, வழுக்கலான விடை என்றே நமக்குத் தோன்றியது. கரையோடு நின்றுவிடுபவன் என்ன அறவோன் என்று இளமை வேகத்தில் ஏளனமும் செய்தோம். அந்த ஏளனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது தில்லியில், யமுனைக்குக் கிழக்கே, ஒரு தெருமுனையில்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்துக் காலை வேளை. அலுவலகம் செல்லும் சார்ட்டர்டு பஸ்ஸுக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். தெருவின் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு இரண்டு நாள்களாகக் கழிவுநீர் வழிந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் இரண்டு இளைஞர்களை அழைத்துவந்து மேன்ஹோல் மூடியைத் திறக்கச் செய்தார். இருவரும் உடன்பிறந்தோர் என்பது பின்னரே தெரிந்தது. மூத்தவர் மூக்கில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு இரும்புப் படிகளைப் பற்றி இறங்கினார். இடுப்பில் கயிறு இல்லை. ஆள் மறையும் ஆழம், அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா என்பதே ஐயம். நீரில் ஏதோ விழும் ஓசை கேட்டது. பிறகு ஓசையே இல்லை.

அடுத்து நிகழ்ந்ததை எழுதக் கை தயங்குகிறது. சுற்றி நின்ற நாம் அனைவரும் இளையவரைப் பார்த்து, "இறங்கு, இறங்கு, தூக்கு" என்று கத்தினோம். நம்முள் ஒருவரும் இறங்க முன்வரவில்லை. ஆனால் இறங்கவேண்டியவர் யார் என்பதில் நம்முள் ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அவர் ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் அவரைப் பின்புறமாக இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்து, 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் மகனோடு தில்லிக்கு வந்து சேர்ந்த தமிழர் அவர். பொங்கல் விழாக்களில் கண்டு பழகிய முகம். இளையவர் திமிறினார், முதியவரின் கையைக் கடித்தார். கல் நெஞ்சன் என்று யாரோ வைதது நம் காதில் விழுந்தது. முதியவரோ நம்மைக் கண்டுகொண்டு, "தம்பி, ஃபயர் சர்வீசுக்குப் போன் போடுங்க. இவனும் உள்ள போனா ரெண்டு பொணம்" என்றார். பிடியை மட்டும் விடவில்லை.

தீயணைப்பு வீரர்கள் மூச்சுக் கருவி பூண்டு இறங்கி மூத்தவரை வெளியே கொணர்ந்தபோது உயிர் இல்லை. போகவிருந்த மற்றோர் உயிர் தெருவோரத்தில் உட்கார்ந்து முதியவரைச் சபித்துக்கொண்டிருந்தது. மறுநாள் நாளேட்டில் சாவைப் பற்றி நான்கு வரி இருந்தது. முதியவரைப் பற்றி ஒன்றும் இல்லை. நிகழாமற்போன சாவு செய்தி ஆகாதன்றோ?

குதித்தவர்களை உலகம் மறப்பதில்லை. 2015 நவம்பர் 26 அன்று கோழிக்கோட்டில் மேன்ஹோலுக்குள் மயங்கி விழுந்த இரண்டு ஆந்திரத் தொழிலாளரைக் காப்பாற்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உள்ளே இறங்கினார். மூவருமே இறந்தனர். கேரளம் அவரைப் போற்றியது. அரசும் அவர் குடும்பத்துக்குக் கைகொடுத்தது. அந்த மனிதரைக் குறைத்துப் பேச நமக்கு நா எழாது. முன்பின் அறியாத வேற்று மாநிலத்தார் இருவருக்காகத் தன்னுயிரை ஒரு பொருட்டாக எண்ணாதவர் அவர். ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை அறுக்கிறது. அவர் இறங்கியதால் அவ்விருவருக்கும் விளைந்த நன்மை யாது? அமெரிக்க நாட்டின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றில், இத்தகைய மூடிய இடங்களில் இறந்தோருள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்ற இறங்கியவர்களே என்று கூறப்பட்டது. முதலில் இறங்கியவரைக் கொன்றது கூலி என்றால், பின்னர் இறங்கியவர்களைக் கொன்றது அன்பு என்று சொல்லவேண்டியிருக்கிறது.

அன்பு ஏன் அங்கே தோற்கிறது? தீயைக் கண்டால் உடல் தானே பின்வாங்கும். வெள்ளத்தைக் கண்டால் கால் தயங்கும். குழிக்குள் இருக்கும் எமனுக்கோ உருவம் இல்லை. கழிவு அழுகும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் அது 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற வேளையில் நஞ்சு பெருகியிருக்கும். 700, 1000 என ஏறிவிட்டால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். காற்றைவிடக் கனமானதாகையால் அது அடியில் தங்கும். சேற்றைக் காலால் கலக்கினால் இன்னும் கிளம்பும். முகத்தில் கட்டும் துணி இதைத் தடுக்காது. இவ்வாயு இல்லாத இடத்திலும் பிராணவாயுக் குறைவு உண்டு. நாம் மூச்சுவிடும் காற்றில் அது ஏறத்தாழ 21 விழுக்காடு, 19.5க்குக் கீழே போனாலே அவ்விடம் ஆபத்தானது என்று கொள்வர். நம் ஊர்ப்பக்கம் பாழுங்கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கை விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள். அது பிராணவாயுவுக்கு மட்டுமே சோதனை; நஞ்சைக் காட்டாது. சாக்கடைக் குழியிலோ மீத்தேன் வாயு தேங்கியிருந்தால் அவ்விளக்கே வெடிக்குத் திரி ஆகிவிடும். எனினும் அந்தப் பாட்டன்மாரிடம் ஒரு வழக்கம் இருந்தது: இறங்குமுன் நின்று பார்ப்பது.

முதியவரைப் பிறகு ஒரு நாள் வீட்டில் சென்று கண்டோம். கையில் பல் தடம் இன்னும் மாறவில்லை. சுரங்கத்தில் வெடி வைத்தபின் புகை வெளியேறும்வரை மேஸ்திரியே ஆனாலும் உள்ளே போகக்கூடாது என்பது அவர் அப்பா காலத்து விதியாம். "வேல செய்யத் தைரியம் வேணும்னு சொல்வாங்க. சும்மா உக்காந்திருக்கத்தான் தம்பி ரொம்பத் தைரியம் வேணும்" என்றார். நாம் கத்தியதை அவர் கேட்டிருப்பார். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார்.

கன்பூசியசுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிந்திய மென்சியசும் கிணற்றையே எடுத்துக்கொண்டார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் காணும் எவர் நெஞ்சும் பதறும். அப்பதற்றம் புகழுக்காகவோ குழந்தையின் பெற்றோர் நட்புக்காகவோ அன்று என்பது அவர் வாதம். மனித இயல்பில் அருள் உண்டு என்பதற்கு இதனையே சான்றாக்கினார். வெகுநாள் கழித்தே நமக்கு ஒன்று புலப்பட்டது. அவருடைய குழந்தை இன்னும் விழவில்லை! மாணவர் கன்பூசியசிடம் கேட்டதோ விழுந்துவிட்டவனைப் பற்றி. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவில்தான் நம் கேள்வியின் விடையும் இருக்கிறது போலும். விழுந்தபின் எழும் அருளுக்குக் குதிப்பது அல்லது கரையில் நின்று துடிப்பது என்ற இரண்டே வழி. விழுமுன் எழும் அருளுக்கு எத்தனையோ வழிகள். ஆனால் அவற்றில் ஒன்றிலும் வீரம் இல்லை, கைதட்டல் இல்லை.

வள்ளுவர் அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். தெரிந்து செயல்வகையைப் பொருட்பாலில் அரசனுக்கு வைத்தார். அருள் துறவிக்கு, ஆராய்ச்சி ஆள்வோனுக்கு என்று நம்மனோர் பிரித்துக்கொண்டு படித்ததன் விளைவோ என்னவோ, இரண்டும் ஒருவனிடமே வேண்டப்படும் இடம் வந்தால் திகைக்கிறோம்.

கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் நமக்குச் சட்ட வாசகத்தில் சுவை காண்பது ஒரு தொழில் நோய். 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இத்தகைய இடங்களைப் பற்றியதாக இருந்தது. முதலில் தீய வாயுவை வெளியேற்ற இயன்றதெல்லாம் செய்யவேண்டும் என்றது அது. அதன்பின், தகுதியுள்ளவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தரவேண்டும். அன்றேல் இறங்குபவர் மூச்சுக் கருவி அணிந்து, கயிற்றோடு பிணைத்த வார் பூண்டிருக்கவேண்டும். அக்கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்கவேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது. இந்தக் கடைசித் தொடரைப் பலமுறை படித்தோம். அருள் என்னும் சொல் அதில் இல்லை. ஆனால் வெளியே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி வேறு வேலை எதுவும் செய்யாது நிற்கவேண்டும் என்று விதித்தவர் அந்தச் சொல்லின் பொருளை அறிந்திருக்கிறார். அவர் உள்ளே போகாமலே இழுக்கலாம்.

தொழிற்சாலைக்கு வெளியேயும் சட்டம் உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு இன்றிச் சாக்கடையிலோ மலக்குழித் தொட்டியிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரும் இறக்கக்கூடாது என்பது வாசகம். வீட்டுக்காரரும் அதில் அடங்குவார். 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று விதித்தது. 2023 அக்டோபரில் அது 30 இலட்சம் ஆயிற்று. ஈட்டுத்தொகை மும்மடங்கு ஏறியது. இறங்குவோர் யார் என்பது மட்டும் மாறவில்லை. வடக்கே வால்மீகி சமூகத்தார், தமிழ்நாட்டில் அருந்ததியர், இன்னும் இவர்போல் ஒடுக்கப்பட்ட பிறர். அன்று தெருமுனையில் "இறங்கு" என்று கத்தியபோது நமக்கிருந்த அந்த உறுதி திடீரென்று பிறந்ததன்று. நம் பாட்டனார் கையளித்த சொத்துகளுள் அதுவும் ஒன்று. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தும் அதனைப் பெட்டியிலிருந்து இறக்கவில்லை.

அந்நிகழ்ச்சிக்கு மூன்று திங்கள் கழித்து நம் குடியிருப்பின் கழிவுநீர்க் குழியே அடைத்துக்கொண்டது. அவ்வாண்டு சொசைட்டியின் பொருளாளர் பொறுப்பு நம்மிடம் இருந்தது. உறிஞ்சும் இயந்திரம் பூட்டிய லாரிக்கு 4,000 ரூபாய். ஆள் இறங்கிச் செய்தால் 1,500 ரூபாய். கூட்டத்தில் ஓர் உறுப்பினர், அவர்கள் பழக்கப்பட்டவர்கள், ஒன்றும் ஆகாது என்றார். பழக்கத்தால் மரத்துப்போவது மூக்கு. நுரையீரல் பழகுவதில்லை என்றோம். மற்றொருவர் கேட்டதற்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியவில்லை. "அவர்களாக இசைந்துதானே வருகிறார்கள்? வேண்டாம் என்றால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியுமா? உங்கள் மனச்சாட்சியைக் காக்க அவன் கூலியைப் பறிப்பது எந்த அறம்?" இது வெறும் வாய்வாதம் அன்று; நேர்மையான கேள்வி. கூலிக்கு மாற்று எதுவும் நம் கையில் இல்லை. 2,500 ரூபாய் வேறுபாட்டை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தபோது ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக் காப்பிச் செலவுகூட வரவில்லை. ஆதலால் லாரி தீர்மானம் ஆயிற்று. வென்றது கணக்கா மனச்சாட்சியா என்று நம்மைக் கேட்டால், கணக்கு என்றே சொல்வோம். வேறுபாடு பத்து மடங்காக இருந்திருந்தால் தீர்மானம் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க அச்சமாக இருக்கிறது.

லாரி வந்து குழாயை உள்ளே விட்டு, முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும் நிலை. வாயிற்காவலர் வந்து, ஓர் ஆள் வேலை கேட்டு நிற்பதாகச் சொன்னார். சென்று பார்த்தால் அந்த இளையவர். நம் குடியிருப்பில் அடைப்பு என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். நம்மை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்பது விளங்கவில்லை. தோளில் புத்தம் புதிய நைலான் கயிறு ஒன்று சுருளாகக் கிடந்தது. "இப்போது கயிறு வைத்திருக்கிறேன், சாகேப்" என்று இந்தியில் சொல்லி அதனைத் தொட்டுக் காட்டினார்.

மறுமுனையை யார் பிடிப்பார்கள் என்று கேட்டோம். உடன் வந்தவர் எவரும் இல்லை. அவர் நம் முகத்தையே பார்த்தார்.

லாரி வந்துவிட்டது என்றோம். அவர் தலையை அசைத்துவிட்டுக் கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தார். லாரிக்காரருக்கான ரசீதில் கையொப்பமிட நாம் உள்ளே திரும்பினோம். அன்று அடுத்த தெருவிலும் அடைப்பு இருந்தது.