தராசைச் சோதிக்கும் நேரம்

பரிசு என்பது ஒருவருக்கு மகிழ்ச்சியையும் பலருக்கு மனத்தாங்கலையும் ஒருசேர அளிக்கும் பொருளாகும். திரைப்பட விருதுகளின் முடிவு வெளியாகும்போதெல்லாம் இதனைக் காண்கிறோம். கிட்டாதவர்க்காக வருந்துவது மனித இயல்பு. ஆயின் அவ்வருத்தம் எப்பொழுது நீதிக்கான குரலாகிறது, எப்பொழுது வெறும் பொறாமையாகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

கண்டரமாணிக்கமும் அதன் அண்டை ஊர்களும் அடங்கிய செட்டிநாட்டுக்குத் திரைக்கலை அயலானதன்று. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் எடுத்த ‘நாம் இருவர்’ 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பெற்றபோது, 1968ஆம் ஆண்டின் ‘குழந்தைக்காக’ படத்திற்காக அதனைப் பெற்றவர் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன்.

இவ்வட்டாரத்துச் சிராவயல் மஞ்சுவிரட்டைக் கண்டோர் அறிவர்: காளை பிடிபட்டதா, தப்பியதா என்பதைத் திடலில் நிற்போர் அனைவரும் தம் கண்ணாலேயே காண்கின்றனர். கலை அத்தகையதன்று. ஒரு நடிப்பு மற்றொன்றைவிட எவ்வளவு உயர்ந்தது என்றளக்க முழக்கோல் எதுவும் இல்லை. சிலர் கூடியமர்ந்து, பார்த்து, தமக்குச் சிறந்ததாகப் பட்டதைக் கூறுகின்றனர். ஆகவே விருது என்பது ஒரு குழுவின் கருத்தேயாகும். எனினும் அக்கருத்து நாடு அவர்களிடம் ஒப்படைத்த அமானிதம். அதில் விருப்பு வெறுப்பு நுழைந்தால் தட்டிக் கேட்க மக்களுக்கு உரிமையுண்டு.

அந்த உரிமையை நாம் எவ்வாறு கையாண்டிருக்கிறோம்? 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகராக, ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்திற்காக எம்.ஜி.ஆர். தேர்ந்தெடுக்கப்பெற்றார். தென்னாட்டு நடிகர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. ஆனால் மகிழ்ச்சியோடு மனக்கசப்பும் எழுந்தது. அரசியல் செல்வாக்கு என்ற பேச்சும் பிறந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்திற்காக 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகரெனப் பாராட்டப்பெற்ற சிவாஜி கணேசனுக்கு, 2001இல் மறையும்வரை சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவேயில்லை. அக்குறை உண்மையானது. ஆயினும் அதற்காக மற்றவரைத் தூற்றியதால் சிவாஜியின் பெருமை ஓர் அணுவளவும் கூடவில்லை.

அண்மை நிகழ்ச்சியொன்றையும் நோக்குவோம். 2022 ஜூலையில் ‘சூரரைப் போற்று’ ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. அன்று தேர்வு முறை பற்றித் தமிழகத்தில் எத்தனை பேர் வினவினோம்? 2023 ஆகஸ்டில் ‘ஜெய் பீம்’ படத்திற்கு விருது ஒன்றும் இல்லை என்றானபோது, நடுவர்கள் மீதும் பெற்றவர்கள் மீதும் ஐயம் பாய்ந்தது. அதே பட்டியலில் சிறந்த தமிழ்ப் படமாகக் ‘கடைசி விவசாயி’ இருந்தது. அதில் நடித்து, படம் வெளிவருமுன்பே மறைந்துவிட்ட முதியவர் நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் இருந்தது. கிடைக்காததற்காக எழுந்த கூக்குரலில், கிடைத்த ஓர் ஏழை உழவரின் பெருமையைக் கொண்டாட மறந்தவர் பலர்.

வணிகம் அறிந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தராசைச் சோதிக்க வேண்டியது எடை போடுமுன். நமக்குச் சாய்ந்த நாளில் வாய்மூடியிருந்துவிட்டு, எதிர்ப்பக்கம் சாய்ந்த நாளில் மட்டும் தராசு கோணல் என்பவனை அங்காடியில் யாரும் நம்பமாட்டார்கள். நடுவர் எவ்வாறு அமர்த்தப்பெற்றனர், என்ன காரணம் காட்டினர் என்று கேட்பது நீதி. அக்கேள்வியை வென்ற ஆண்டிலும் கேட்க வேண்டும். சான்றின்றிப் பெற்றவரைப் பழிப்பது நீதியாகாது.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இப்பேச்சுகளைக் கேட்டே வளர்கின்றனர். “ஆள் பிடித்து வாங்கிவிட்டான்” என்று நாம் எளிதாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும், உழைத்துப் பெற்றவனும் அவர்கள் கண்ணுக்குக் கள்வனாகிறான். உழைப்பின் மீதே அவர்களுக்கு நம்பிக்கை தளர்கிறது. பள்ளிப் பரிசு நாளில் தன் பெயர் அழைக்கப்படாத பிள்ளை, அழைக்கப்பட்ட தோழனுக்காக மனமாரக் கைதட்டுமாயின், அப்பிள்ளையை நன்கு வளர்த்திருக்கிறோம் என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.