சென்று செய்யும் தொண்டு

வேற்றுநாட்டு இளைஞர் விடுமுறை நாட்களிற் கடல் கடந்து வந்து, தமக்குப் பழக்கமில்லாத சிற்றூர்களிலே சின்னாள் தங்கிச் சுவரெழுப்பியும், சிறார்க்கு எழுத்துக் கற்பித்தும், குளம் தூர்வாரியும் மீளும் வழக்கம் இந்நாளிற் பெருகியுளது. இவ்வாறு ஆளனுப்புதலையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் பல உள. வருவோர் அவற்றிற்குப் பொருள் கட்டியே வருகின்றனர். இதனைப் பேரறமெனக் கொண்டாடுவர் ஒரு சாரார். அறப்போர்வை போர்த்த உல்லாசப் பயணமென இகழ்வர் மற்றொரு சாரார். தொண்டினையே நெறியாகக் கொண்ட சைவர் இதனை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

கொண்டாடுவாரும் இகழ்வாரும் ஒருவகையில் ஒத்தவரே. இருவரும் செய்வான் ஒருவனையே நோக்குகின்றனர். அவன் உள்ளம் தூயதோ அன்றோ என்பதே அவர்தம் வழக்கு. சித்தாந்தமும் அவ்வுள்ளத்தை நோக்காமலில்லை. யான் செய்தேன் என்னும் முனைப்பொடு செய்த நல்வினை பசுபுண்ணியமாய் ஒழிந்து, இரும்பு விலங்கினிடத்தே பொன் விலங்குபோல் நின்று உயிரைப் பிணிக்கும் என்பது நூற்றுணிபு. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரத்தில் இறைபணி நிற்றலை வற்புறுத்தியதும் அம்முனைப்பு அறுதற்பொருட்டேயாம். ஆயினும், முனைப்பு அற்றமைக்கு அடையாளம் யாது? தன்னுள்ளத்தைத் தானே ஆராய்ந்து தூயதெனத் தீர்ப்பளித்துக் கொள்ளுதல் எவர்க்கும் எளிது. பணி என்னும் சொல்லையே நோக்குக. அது செயலையும் குறிக்கும், ஏவலையும் குறிக்கும். ஏவுவார் ஒருவரின்றிப் பணி என்பது எங்ஙனம் அமையும்? ஒருவரும் ஏவாததைத் தானே தேர்ந்து, தான் விரும்பிய நாளில், தான் விரும்பிய அளவு செய்து மீள்வான் செய்தது கொடையாகலாம், தொண்டாதல் அரிது.

காவிரி கடலொடு கலக்கும் சோணாட்டுக் கரையிலே இவ்வேறுபாடு கண்கூடாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் உதவிக்கு விரைந்தனர். பிணமெடுத்து அடக்கியும், சோறிட்டும், மருந்தளித்தும் அன்னோர் ஆற்றிய உதவி மறக்கற்பாலதன்று. உடன்வந்த பிழையும் மறைக்கற்பாலதன்று. மூட்டை மூட்டையாகப் பழந்துணிகள் வந்திறங்கின. எல்லாம் இழந்தும் மானம் இழவாத மீனவர் அவற்றைக் கொள்ளாராயினர். துணிகள் சாலையோரங்களிற் குவியல் குவியலாய்க் கிடந்து பாழாயின. பின்னர்ப் படகுகள் வந்தன. நிறுவனங்கள் பலவும் தத்தம் பெயராற் படகளிக்க முந்தியமையின், இழந்தவற்றின் தொகையை விஞ்சிப் படகுகள் பெருகின. கூலிமக்களையும், உப்புநீர் புகுந்த வயலையுடைய உழவரையும் உதவி காலந்தாழ்த்தே எட்டியது. படகின் பக்கத்திலே கொடுத்தோர் பெயரைத் தீட்டலாம். களர்பட்ட வயலில் யார் பெயரை எங்கே தீட்டுவது?

துணியென்றவுடன் காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டநாயனார் நினைவிற்கு வருதல் இயல்பு. அடியார் குறிப்பறிந்து அவர் ஆடையை ஒலித்துக் கொடுத்தலே அந்நாயனார் தொண்டு. குளிர்காலத்தொரு நாள் இறைவன் ஏழை முதியராய், அழுக்கேறிய கந்தையொடு வந்தபோது, நாயனார் புத்தாடை ஒன்று தந்து அவரைப் போக்கிவிடவில்லை. அக்கந்தையையே கேட்டு வாங்கி, மாலைக்குள் தருவதாக ஒப்புக்கொண்டார். மழை விடாது பெய்தமையின் சொன்ன பொழுதிற் கொடுக்கலாகாதென்று கண்டு, தம் தலையைக் கற்பாறையில் மோதினார். கொள்வாருடைய பொருளை, அவர் வேண்டிய பொழுதில், அவர் வேண்டியவாறு அளித்தலே அவருக்கு உயிரினும் பெரிதாயிற்று. குறிப்பறிதல் அவர் பெயரிலேயே அமைந்தது.

நாகை வட்டாரத்துக் களர்பட்ட வயல்களை மீட்ட வரலாறும் ஈண்டு நினைக்கத்தகும். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டிற் பிறந்த வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938–2013) உழவரொடு கூடி, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாட்பயிர் விதைத்து மடக்கியுழும் முறையை அந்நிலங்களிற் கையாண்டார். அது மழைக்குக் காத்திருந்து செய்யும் வேலை. பத்து நாளில் முடித்துப் படமெடுத்துக்கொண்டு செல்லத்தக்கதன்று.

அற்றேல், அயலார் வாராதிருத்தலே நன்றெனக் கொள்ளலாமோ எனின், கொள்ளற்க. 1920-இல் பிரான்சிலே, போரால் அழிந்த எஸ்ன் என்னும் ஊரை மீளக் கட்ட முதற் பணிமுகாம் கூட்டியவர் சுவிட்சர்லாந்தினராகிய பியேர் செரெசோல். 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் நிலம் நடுங்கிய பின்னர் அவர் இந்தியா போந்து, நண்பர் சிலரொடு அங்குள்ள சிற்றூர்களிலே மண்சுமந்து, வெள்ளத்திற்கு எட்டாத இடத்திலே குடிகளுக்கு வீடமைக்கும் வேலையில் ஈடுபட்டார். ஒருமுறை வந்து அமையாது மீண்டும் வந்தார். மண்வெட்டியே அவர் இயக்கத்தின் சின்னத்தில் இடம்பெற்றது. உழவாரம் ஏந்திய அப்பரடிகளைப் போற்றும் சைவர்க்கு அச்சின்னம் அயலாகத் தோன்றாது.

மேட்டூர் நீர் வருமுன் வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்து சோணாட்டுப் பழவழக்கு. எந்த மதகு அடைபட்டது, எவ்வயலுக்கு முறை முந்தியது என்பதெல்லாம் அந்நீரால் வாழ்வார் அறிவர். அவர் சொற்படி ஒரு கூடை மண் அள்ளும் அயலான் பணியாளனே. கூலிக்கு நடும் பெண்டிரின் வயலில் வேடிக்கைக்கு இறங்கி நடுபவனோ அவர்தம் கூலியைக் குறைப்பான். கோணிய நிரையைச் செவ்வைசெய்யும் வேலையும் அவர்க்கே கூடும். இவ்விருவர் உள்ளமும் ஒருபடித்தாய்த் தூயதாகவே இருக்கலாம். வேண்டாமென்று சொல்லும் உரிமை ஊராரிடம் இருந்ததா என்பதே கேட்கத்தக்கது. பெரும்பாலும் வறியோர் விருந்தினர் முகம் கோணுமென்று அஞ்சி அதனைச் சொல்லார். அச்சொல் வாராத இடத்தும் அதனைக் கேட்டறிவதே குறிப்பறிதல்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது அங்கிருந்த சம்பந்தரும் அப்பரும் அவ்வூரினரல்லர். ஒருவர் சீகாழியினர், மற்றவர் திருவாமூரினர். இறைவன் நாடோறும் அருளிய காசு கொண்டு இருவர் திருமடத்தும் அடியார்க்கு அமுதளிக்கப் பெற்றது. கைத்தொண்டு செய்யும் அப்பருக்குக் கிடைத்த காசில் குற்றமில்லை; சம்பந்தருக்குக் கிடைத்த காசோ வட்டங்கொடுத்து மாற்றவேண்டியதாயிற்று. அதனால் அவர் மடத்தில் உணவு பொழுது தாழ்த்தது. நாடோறும் காசளித்த திருவருளைப் பெற்றவராயினும், அங்கே பந்தி எப்பொழுது அமர்கின்றது, இங்கே எப்பொழுது அமர்கின்றது என்று சம்பந்தர் பார்த்தார். தாழ்த்தற்குக் காரணம் யாதென்று மடத்தாரை வினவினார். காசு மாற்றின் குறையை அறிந்தபின் மறுநாட் காலையிலே திருக்கோயிலுக்குச் சென்று, அதனைத் தீர்த்தருளுமாறு பாடினார்.